பச்சை காட்டும் தண்ணீர்

புழுதிக்காலம், 2-ஆம் நாள். காலை 8.15
நீர் அறை, புதுத்தேரி, செவ்வாய்

மாதிரி எடுக்கப்பட்டது. முடிவு: பச்சை. ஆணையத்துக்கு அனுப்பப்பட்டது.

இது என் முதல் பதிவு. நான் அல்லி, ஒன்பதாம் வகுப்பு. நீர்ப் பொறுப்பாளர் சூசை மாமாவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது, எண்களைப் படிக்க முடியவில்லை. ஆணையத்தின் குடிநீர்ப் பாதுகாப்புக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்திருப்பவள் இங்கே நான் ஒருத்திதான். அதனால் துணைப் பொறுப்பாளர் வேலை எனக்கு வந்தது. கையேட்டைப் பள்ளிப் பரிசாகக் கேட்டு வாங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பின்னாளில் இதைப் படிப்பவருக்கு: நாங்கள் முப்பத்திரண்டு பேர். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து வந்தவர்கள். அங்கேயும் மண் சிவப்பு, அதனால் இந்த இடத்துக்குப் புதுத்தேரி என்று பெயர் வைத்தார்கள். குன்றுக்கு அந்தப் பக்கம் நீரகம் இருக்கிறது. பனிக்கிணற்று நீரும் நாங்கள் பயன்படுத்திய நீரும் அங்கே ஒன்றாகச் சேர்ந்து, வடிகட்டப்பட்டு, புற ஊதா விளக்கின் கீழ் ஓடி, குழாய் வழியாக எங்கள் அறைகளுக்கு வருகின்றன. கிருமிகளைக் கொல்வது அந்த விளக்குதான். வேறு மருந்து எதுவும் கலப்பதில்லை. விளக்கு சூரியத் தகடுகளின் மின்சாரத்தில் எரிகிறது.

நேற்றுப் புழுதிப் புயல் தொடங்கியது. காற்று இயந்திரத்துக்கு முதல் மின்சாரம், மற்றவற்றுக்கு மிச்சம். அடுப்பு கிடையாது, ஊறவைத்த அவல்தான் சாப்பாடு. அவரவர் அறையில் இருக்க வேண்டும், பேச்செல்லாம் ரேடியோவில். நீர் அறை எங்கள் அறைக்கு அடுத்தது என்பதால் நானும், நோயாளிகளைப் பார்க்க நர்ஸ் எஸ்தர் அக்காவும் மட்டும் வந்து போகலாம்.

மாதிரி எடுக்கும் முறை: பொதுக் குழாயிலிருந்து செப்புக்குடத்தில் நீர் பிடித்து மூட வேண்டும். பிறகு அந்த நீரைச் சோதனைப் பெட்டியில் ஊற்ற வேண்டும். மாலையில் பிடித்துவைத்து, காலையில் மின்சாரம் வந்ததும் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஏன் செப்புக்குடம் என்று சூசை மாமாவிடம் ரேடியோவில் கேட்டேன்.

"ஏட்டி, மாப்பிள்ள வீட்டுக்காரன் வந்து தண்ணி கேட்டா பிளாஸ்டிக் டப்பாலயா மோந்து குடுப்ப? மேல இருந்து ஒருத்தன் நம்ம தண்ணியப் பாக்கணுங்கான். நல்ல ஏனத்துல குடுக்கதுதான மரியாதை. அது உங்க அத்தைக்குச் சீரா வந்த கொடம்."

குடியேறிய வருடமே இந்த முறையை எழுதி அனுப்பினார்களாம். மேலே சுற்றுப்பாதை நிலையத்தில் இருக்கும் ஆணையம் முத்திரை குத்தித் திருப்பியனுப்பியிருக்கிறது.

6-ஆம் நாள். காலை 8.30

முடிவு: பச்சை.

விளக்கின் ஒளி பாதிக்கும் கீழே என்று நீரகத்து மீட்டர் காட்டுகிறது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. என் தங்கை குயிலிக்கும். அவளுக்கு நான்கு வயது. நேற்றிலிருந்து எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

நர்ஸ் எஸ்தர் அக்கா ரேடியோவில் கேட்டார்:

"அல்லி, தண்ணி டெஸ்ட் என்னாச்சு?"

பச்சை என்றேன்.

"அப்போ தண்ணி இல்ல. அவல்தான் சதி பண்ணிட்டு."

இரண்டு மூட்டை அவலை வெளியே கொட்டிவிட்டார்கள். இனி எல்லோருக்கும் அரை வயிறு. மேலேயிருந்து வந்த செய்தி:

"ஆணையம்: வாழ்த்துகள். புதுத்தேரி இதுவரை ஒரு மீறலும் இல்லாத குடியிருப்பு. இந்த நற்பெயரைக் காத்துவருங்கள்."

செய்தியைக் குயிலிக்குப் படித்துக் காட்டினேன். "வாழ்த்துன்னா திங்கதா?" என்று கேட்டாள்.

8-ஆம் நாள். பகல் 11.40

முடிவு: பச்சை. ஆனால்.

குயிலி அவலைத் தொட்டே இரண்டு நாள் ஆகிறது, போக்கு நிற்கவில்லை. அவள் வாயில் போவது தண்ணீர் மட்டும்தான். எனவே எங்கள் அறைக் குழாய் நீரை ஒரு பிளாஸ்டிக் குப்பியில் பிடித்து, காத்திருக்காமல் சோதனைப் பெட்டியில் ஊற்றினேன். சிவப்பு.

பெட்டி பழுதாகியிருக்கலாம் என்று மறுபடி செய்தேன். சிவப்பு. பொதுக் குழாயில் பிடித்துச் செய்தேன். சிவப்பு. காலையில் பச்சை காட்டிய அதே குழாய்.

பள்ளிக் கலைக்களஞ்சியத்தில் 'செம்பு' பகுதியைப் படித்தேன். சில மணி நேரம் செம்பில் நின்ற நீரில் வயிற்றுநோய்க் கிருமிகள் செத்துவிடும் என்று இருக்கிறது.

அப்படியானால் நாங்கள் குழாய் நீரை ஒருநாளும் சோதித்ததே இல்லை. இரவெல்லாம் குடத்தில் நின்று சுத்தமான நீரைச் சோதித்திருக்கிறோம். விளக்கு நன்றாக எரிந்தவரை இந்தத் தவறால் கேடில்லை. இப்போது விளக்கு மங்கிவிட்டது. புதுத்தேரியில் குடிக்கத் தகுந்த நீர் குடத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதை நாங்கள் குடிப்பதில்லை, சோதித்துவிட்டுக் கீழே ஊற்றுகிறோம்.

கண்டுபிடித்ததும் பயந்துபோனேன். பயம் மட்டும் இல்லை. சந்தோஷமாகவும் இருந்தது.

9-ஆம் நாள். காலை 9.05

ஒரே குழாய், ஒரே நேரம். பாதி நீர் குடத்தில், பாதி குப்பியில். காலையில் குடம் பச்சை, குப்பி சிவப்பு. இரண்டு முடிவுகளையும் விளக்கத்தோடு ஆணையத்துக்கு அனுப்பினேன். பிழையில்லாமல் எழுத நான்கு முறை திருத்தினேன்.

"ஆணையம்: தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. குப்பியில் எடுக்கப்பட்ட மாதிரி அங்கீகரிக்கப்பட்ட நடைமுறைக்கு உட்படாதது. அது பதிவிலிருந்து நீக்கப்பட்டது. குடத்து மாதிரி செல்லும். தங்கள் குடிநீர் பாதுகாப்பானது."

நடைமுறையை மாற்ற விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றது.

ரேடியோவில் எல்லோருக்கும் சொன்னேன். குடியிருப்புத் தலைவர் முத்துக்குட்டிப் பெரியப்பா பேசினார்:

"ஏ பிள்ள, நீ சொல்லுதது சரியாவே இருக்கட்டும். இதை மேல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன், பெரியப்பா. நம்ப மாட்டேங்காங்க."

"நல்லவேளை. இனிமே வாயத் தொறக்காத. வடகுன்றுக் குடியிருப்புக்காரங்களுக்குப் போன புழுதில செவப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் அவங்க சத்தமே ரேடியோல வரல. குடத்துத் தண்ணிய பிள்ளைகளுக்குக் குடு. பெரியாளுங்க சமாளிப்போம். புழுதி அடங்கட்டும்."

பெரியப்பா நல்லவர், ஆனால் கையேட்டைப் படித்ததில்லை. அதில் தெளிவாக இருக்கிறது: 'மீறல் உறுதியானால், பாதுகாப்பற்ற நீர் எந்த நபரையும் சென்றடையாதபடி ஆணையம் உடனடியாகச் செயல்படும்.' இந்த வரியின் கீழ் நான் எப்போதோ கோடு போட்டிருக்கிறேன்.

11-ஆம் நாள். மாலை 4.20

குடத்து நீரை எஸ்தர் அக்கா ஆறு குழந்தைகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறார். குயிலிக்குப் போக்கு குறைந்திருக்கிறது. இன்று என் விரலைக் கடித்தாள், விளையாட்டுக்கு.

சூசை மாமாவின் பேரன் இன்று காலை இறந்துவிட்டான். எட்டு மாதக் கைக்குழந்தை. அவனுக்குக் குடத்து நீர் கிடைப்பதற்கு முன்பே மிகவும் தளர்ந்திருந்தான்.

பெரியவர்களும் படுத்துவிட்டார்கள். ஒரு குடத்தை வைத்து முப்பத்தொரு பேருக்கு என்ன செய்வது?

சூசை மாமா ரேடியோவில் கூப்பிட்டார்.

"அல்லி. அந்தக் கொடத்துல தண்ணிய ராத்திரி நிக்க விடாம ஒடனே ஊத்துனா செவப்பு வருமா?"

வரும் என்றேன், ஆனால் சிவப்பைப் பொறுப்பாளரே தன் குரலில் உறுதிசெய்ய வேண்டும் என்றும் சொன்னேன்.

"மரியாத மரியாதன்னு நாந்தான் பிள்ள எழுதுனேன். இப்போ நானே சொல்லுதேன். உள்ளதக் காட்டு. பொறுப்பாளர் குரல் வேணும்னா எங்குரலப் போடு."

பெரியப்பாவிடம் சொல்லவில்லை.

12-ஆம் நாள். காலை 9.00

செப்புக்குடத்தில் பிடித்தேன். மூடினேன். திறந்தேன். ஊற்றினேன். குடம், பொதுக் குழாய், பொறுப்பாளரின் குரல், எல்லாம் நடைமுறைப்படி. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நடைமுறையில் எழுதவே இல்லை.

முடிவு: சிவப்பு.

"ஆணையம்: மீறல் உறுதிசெய்யப்பட்டது. உடனடி நடவடிக்கை தொடங்குகிறது."

வந்துவிடுவார்கள். குயிலியிடம் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தார். இப்படிச் செய்து எத்தனையோ வருடம் இருக்கும்.

12-ஆம் நாள். காலை 9.50

குழாயில் நீர் வரவில்லை. எல்லா அறைகளிலும்.

"ஆணையம்: பாதுகாப்பற்ற நீர் எந்த நபரையும் சென்றடையாதபடி நீரகத்தின் முதன்மை வால்வு மேலிருந்து மூடப்பட்டுள்ளது. மாற்று நீர் ஊர்தி புழுதி அடங்கியதும் புறப்படும்."

புழுதி எப்போது அடங்கும் என்று கேட்டேன்.

"ஆணையம்: வானிலை எங்கள் பொறுப்பில் இல்லை."

கெட்ட நீரையாவது திறந்துவிடுங்கள், நாங்கள் குடத்தில் ஊற்றிவைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொள்கிறோம் என்று எழுதினேன். நான் அனுப்பிய சிவப்பு முடிவையே இணைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

கையேட்டை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தேன். அதில் எழுதியிருந்ததைத்தான் செய்திருக்கிறார்கள். ஒரு சொல் கூடப் பிசகவில்லை.

14-ஆம் நாள். இரவு 8.30

அறைக்கு ஒரு கேன் இருந்தது. பெரும்பாலும் காலி.

பெரியப்பாவும் இன்னொரு அறையிலிருந்து லாசர் அண்ணனும் வெளியே போகும் காற்றுடையை மாட்டிக்கொண்டு நீரகத்துக்குக் கிளம்பினார்கள். புழுதியில் முன்னால் நீட்டிய கை தெரியாது. குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். பெரியப்பா என்னைத் திட்டவில்லை. கடைசிவரை திட்டவே இல்லை. ரேடியோவில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"வந்துட்டோம். வால்வுக்கு மேல பெட்டி போட்டுப் பூட்டிருக்கான். லாசரு, அந்தக் கம்பிய இப்பிடிக் குடு."

"அண்ணாச்சி, இது வளையவே மாட்டேங்கு."

"உங்கப்பனும் இப்பிடித்தான். ரெண்டு அடி போடு, வளையும்."

லாசர் அண்ணன் சிரித்தார். பிறகு இரும்பை இரும்பில் அடிக்கிற சத்தம், ரொம்ப நேரம். நடுவில் மேலேயிருந்து:

"ஆணையம்: நீரகத்தில் சேதப்படுத்தும் முயற்சி பதிவாகியுள்ளது. வால்வின் மறுதிறப்பு விசாரணை முடியும்வரை ஒத்திவைக்கப்படுகிறது."

"அண்ணாச்சி, கம்பி தெறிச்சு உங்க ஒடையில... அண்ணாச்சி!"

"நீ போ மக்கா. குழாயப் பிடிச்சுக்கிட்டே போ."

லாசர் அண்ணன் போகவில்லை. பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். தூக்க இரண்டு கையும் வேண்டும், அதனால் குழாயை விட்டுவிட்டார். மாலைவரை அவர் குரல் கேட்டது. எங்கள் சுவர் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

16-ஆம் நாள். காலை 10.10

மாதிரி: இல்லை. நீர் இல்லை.

ரேடியோவை அணைக்க எனக்கு அனுமதி கிடையாது. ஆணையத்தின் செய்திக்காகத் திறந்தே வைக்க வேண்டும். அதனால் எல்லோர் பேச்சும் கேட்கிறது. லாசர் அண்ணனின் மனைவி ரூபி அக்கா:

"எங்கட்டி அந்தப் பரிசு வாங்குன புள்ள? செவப்பு போட்டியே, இப்போ ஒரு வாய் பச்சத் தண்ணி போடு பாப்போம்."

இன்னொரு குரல்:

"அவ புஸ்தகத்தப் பிழிஞ்சு குடிக்கச் சொல்லு."

யாரோ சிரித்தார்கள். நாக்கு காய்ந்த சிரிப்பு அது, துணி கிழிகிற மாதிரி இருந்தது. பிறகு ரூபி அக்கா:

"எஸ்தரு, மிச்சத்தப் பங்கு வைக்கியே, அவ வீட்டுக்குக் கடைசில வையி. அவ தங்கச்சிக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

எங்கள் பங்கு கடைசியில்தான் வந்தது. ஒரு கரண்டி. குயிலி குடித்துவிட்டு, கரண்டியைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. நான் நீர் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன்.

18-ஆம் நாள். பகல் 12.00

நேற்று மூன்று பேர். இன்று காலை ஒருவர். இப்போது இருபத்தைந்து பேர் இருக்கிறோம்.

வேறு வேலை இல்லை, கையேட்டைப் படிக்கிறேன். கடைசிப் பின்னிணைப்பை இதுவரை படித்ததில்லை. சொற்களுக்கான வரையறைகள், சிறிய எழுத்து. 'சமூக நீர் அமைப்பு என்பது இருபத்தைந்து அல்லது அதற்கு மேற்பட்ட நபர்களுக்கு நீர் வழங்குவது. அதற்குக் குறைந்தவை ஆணையத்தின் அதிகார வரம்புக்குள் வாரா.'

எழுந்து உட்கார்ந்து மறுபடி படித்தேன்.

ஆணையத்திடம் கேட்டேன். உறுதிப்படுத்தியது. இருபத்து நான்கு பேர் என்றால் எங்கள் மீது அதற்கு அதிகாரம் இல்லை. வால்வை மூடிவைக்கவும் அதிகாரம் இல்லை. விசாரணையும் தானாக முடிந்துவிடும்.

இருபத்து நான்கு பேர்தான் இருக்கிறோம் என்று அனுப்பினேன். நான் எழுதிய முதல் பொய்.

"ஆணையம்: மணிக்கட்டுப் பட்டைகளின் நாடித்துடிப்புப்படி இருபத்தைந்து பேர் உள்ளனர். எண்ணிக்கையைத் திருத்தவும்."

என் பட்டையைக் கத்தரியால் வெட்டினேன்.

"ஆணையம்: ஒரு பட்டை பழுது. அந்த நபர் உயிருடன் இருப்பதாகக் கொள்ளப்படும்."

நானே இல்லாமல் போனால் எண் சரியாகும் என்று வெளியே போகும் கதவுக்குப் போனேன். பட்டை இல்லாதவர்களுக்குக் கதவு திறக்காது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையேட்டில் இருக்கிறது.

இதை ரேடியோவில் சொல்லப் போவதில்லை. சொன்னால் என்ன செய்வார்கள் என்று தெரியும். எங்கள் அறைக் கதவு தட்டினாலே திறந்துவிடும்.

18-ஆம் நாள். மாலை 5.45

எஸ்தர் அக்கா: "ரெண்டு பேரு நாடிதான் சரியா பிடிபடல. சூசை மாமா. அப்புறம்... உங்க பாப்பா. மத்தவங்க நாளைக்குத் தாங்குவாங்க."

சூசை மாமாவின் ரேடியோ திறந்தே இருக்கிறது. அணைக்க அவருக்குக் கண் தெரியவில்லை. இருமுகிறார். இடைவெளி விட்டு மறுபடி இருமுகிறார்.

நான் காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பதிவில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். இருமல் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு எழுபது வயது. குயிலிக்கு நான்கு. ஒவ்வொரு முறை அவர் இருமும்போதும் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது.

19-ஆம் நாள். காலை 6.50

இருமல் இல்லை.

எப்போது நின்றது என்று தெரியவில்லை. தூங்கிவிட்டேன்.

"ஆணையம்: பயனாளிகள் இருபத்து நான்கு. புதுத்தேரி இனி சமூக நீர் அமைப்பு அல்ல. முதன்மை வால்வு திறக்கப்பட்டது. இன்றுமுதல் தாங்கள் குடிநீர் மாதிரி அனுப்ப வேண்டியதில்லை. இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி."

குழாய் முதலில் காற்றைத் துப்பியது. பிறகு சிவப்பாகக் கொஞ்சம் சேறு. பிறகு நீர். நீர்!

குடத்தை வைத்துவிட்டேன். அது நிற்க நேரமாகும், அதுவரை நாக்கை நனைக்க ஒரு டம்ளரிலும் பிடிக்கிறேன். சூசை மாமாவுக்காக அழ வேண்டும். அழுவேன். முதலில் குயிலிக்கு

ரேடியோ.

"ஏட்டி அல்லி. எங்க குழாய் சத்தம் போடுதே. தண்ணிதானா, இல்ல எனக்குக் காதும் போச்சா? ஏ பிள்ள, கேக்கா? எனக்கு இப்போ வேண்டாம். மொதல்ல பாப்பாவுக்குக் குடு."

டம்ளர் நிரம்பிவிட்டது. வழிகிறது. எங்கள் அறை பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு கதவுதான். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அம்மா அதை மூடவில்லை.

"அல்லி? ஏட்டி, பாப்பா குடிச்சாளா?"